ஐம்பத்திரண்டு நிமிஷம்

ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது:
தொண்ணூற்றொன்பது, புள்ளி, இன்னும் இரண்டு ஒன்பது.
கூட்டிக் கழித்தால்
வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு நிமிஷம்
நாங்கள் இல்லாமல் போகலாம்.
சொல்லாமல்கூட.

பம்புகள் நான்கும் கொடுங்கையூரில்.
அவற்றின் மூளை மும்பையில்.
கிணற்றில் கழிவுநீர் ஏறுகிறதென்று
ஆறடி தள்ளியிருக்கும் மோட்டாருக்குச் சொல்ல
மட்டமானி மும்பைக்குப் போய்வருகிறது.
கண் இமைப்பதற்குள் ஆறு தரம் போய்வந்துவிடும்.
அதனால் யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை,
எனக்கும்.

இரண்டு வினாடிக்கொரு தரம் மும்பை கேட்கும்:
இருக்கியா?
கொடுங்கையூர் சொல்லும்: இருக்கேன்.
இருக்கியா. இருக்கேன்.
ஒரு நாளைக்கு நாற்பத்து மூவாயிரத்து இருநூறு தரம்.
இவ்வளவு விசாரிக்கும் உறவு
எங்கள் அடுக்ககத்தில் எந்த வீட்டிலும் இல்லை.

ஐப்பசி கடைசி வெள்ளி.
பெருங்குடியில் என் ஜன்னலை
மழை முட்டியால் தட்டிக்கொண்டிருந்தது.
மணி மூன்று ஒன்பது.
இருக்கியா?

இருக்கியா?

மடிக்கணினியில் கட்டம் சாம்பலானது.
சிவப்பென்றால் பரவாயில்லை.
மோட்டார் சூடு, ஒரு ஃபேஸ் போச்சு,
யாரையாவது எழுப்பித் திட்டலாம்.
சாம்பல் வாயே திறக்காது.
ஓடுகிறதா, நின்றதா, மூழ்கியேவிட்டதா,
எல்லாவற்றுக்கும் அதே நிறம்.

இணைப்பு இரண்டு வைத்திருந்தோம்.
இரண்டு கம்பெனி, இரண்டு பில், இரண்டு கஸ்டமர் கேர்.
வரைபடத்தில் ஒன்று நீலம், ஒன்று ஆரஞ்சு.
எவ்வளவு தள்ளித்தள்ளி வரைந்திருந்தேன்!
மண்ணுக்கடியில் இரண்டும்
ஒரே குழாயில் தோளோடு தோள் படுத்திருந்தன.
வடிகாலுக்குத் தோண்டி மூடாமல் போன பள்ளம்
மழையில் சரிந்து
இரண்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டது.

நாற்பத்தொரு நிமிஷம்.
முதல் பத்தில் நஸீமாவை எழுப்பினேன்.
ஹைதராபாத்துக்கு மாற்றினோம்.
ஹைதராபாத்தும் கேட்டது: இருக்கியா?
நரம்பு அறுந்தபின் மூளையை மாற்றி என்ன.
அடுத்த பத்தில்
வியாசர்பாடியின் தரைத்தள வீடுகளை நினைத்தேன்.
பம்பு நின்றால் சேதி முதலில் அங்கேதான் போகும்.
யாரோ தூக்கக் கலக்கத்தில் கழிப்பறைக் கதவைத் திறப்பார்,
பீங்கானிலிருந்து ஊரே எழும்பி வரும்.

மீதி இருபத்தொன்றில்
மார்ச் மாதக் கூட்டம் ஒன்று.
மேலிருந்து சொல் வராவிட்டால் பம்பு என்ன செய்யும்?
நிற்கட்டும், அதுதான் பத்திரம் என்றார் ஒருவர்.
லிஃப்டுக்கு அது பத்திரம் சார், சாக்கடைக்கு இல்லை என்றேன்.
ஒன்றரை மணி நேரம். டீ ஆடை கட்டிப்போனது.
கடைசியில், பம்பு பக்கத்துப் பெட்டிக்குள்
பதினான்கு வரி எழுதிக்கொள்ளச் சொன்னார்கள்:
பதில் வராவிட்டால் காத்திராதே,
மிதவையைப் பார், நீயே முடிவெடு.
எழுதினேன். சோதித்தும் பார்த்தேன்,
சித்திரை வெயிலில், வாளித் தண்ணீரை வைத்து.

மூன்று ஐம்பதுக்குக் கட்டம் பச்சையானது.
மூன்று பம்பு ஓடிக்கொண்டிருந்தன,
நான்காவது ஓய்வில், முறைப்படி.
மும்பை போய்வந்ததை அவை கவனிக்கவேயில்லை.

அதற்கப்புறம் போன் அதிர்ந்தது.
இரவு ஷிப்ட் கன்னியப்பன்
மூன்று பதினாலுக்கு அனுப்பியது,
எந்த டவரிலோ ஒதுங்கி நின்றுவிட்டு
இப்போதுதான் வந்து சேர்ந்தது:
மேடம் ஓடுது.
கூடவே ஒரு படம். டார்ச் வெளிச்சம், மிதவை,
ஓரத்தில் அவன் ரப்பர் செருப்பின் நுனி.

அறிக்கையில் நாற்பத்தொன்று என்றே எழுதினேன்.
பம்பு ஒரு நொடி நிற்கவில்லை, உண்மைதான்.
ஒப்பந்தம் எண்ணுவது எங்களை.
மூன்றாவதாக ரேடியோ இணைப்பு கேட்டதற்கு
அடுத்த நிதியாண்டு என்று பதில்.

கையிருப்பு பதினொரு நிமிஷம்.
கார்த்திகை இன்னும் பிறக்கவில்லை.
அடுத்த புயலுக்குப் பெயர் மட்டும்
தயாராக இருக்கிறதாம்.